விட்டுப் பிடிக்கிற கை

...குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும், கயிற்றை ஒழுங்காகப் பிடித்திருக்கிறானா இல்லையா என்று, ஆனால் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவளுக்குப் பயம் என்று அவனுக்கும் தெரிந்துவிடும், தெரியட்டுமே, ஏன் தெரியக் கூடாது? அஞ்சலினா வலது காலை விரலகல விளிம்பில் ஊன்றி, இடது கையைப் பாறை வெடிப்புக்குள் திணித்தாள். கொக்குக்கல் காலை வெயிலுக்கே சுடத் தொடங்கிவிட்டது. வயலுக்கு நடுவே ஒற்றைக்காலில் நிற்கிற கல், உச்சிக்குப் போனால் கிண்ணியாப் பாலமும் துறைமுகத்துக் கப்பல்களும் தெரியும், அதற்காகத்தான் வெள்ளைக்காரர் வந்து ஏறுகிறார்கள், அவர்களைக் கயிறு கட்டி ஏற்றிவிடுவதுதான் இவளுக்கும் ஜக்சனுக்கும் பிழைப்பு. புருஷனும் பெண்சாதியும் சண்டை பிடிக்காமல் சேர்ந்து செய்கிற ஒரே வேலை என்றுகூடச் சொல்லலாம். அவன் கீழே நிற்கிறான், இடுப்புப் பட்டியில் ஓர் இரும்புப் பிடி, அதற்குள்ளால் ஓடிவருகிற கயிற்றின் மறுமுனையில் இவள். இவள் விழுந்தால் அவன் கை கயிற்றை இறுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் மாசி மாதம் நடக்கவில்லை.

விழுந்தபோது இதோ பிடிக்கும், இதோ பிடிக்கும் என்று காத்திருந்தாள், கயிறு ஓடிக்கொண்டே இருந்தது, கடைசியில் பிடித்தபோது கணுக்கால் பாறையில் அடிபட்டு முறிந்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில், உள்ளங்கைத் தோல் உரிந்துபோய் நின்று அழுதான். "கை தன்பாட்டுக்கு விட்டிட்டுது அஞ்சலி. அறுக்குளா இழுத்தா விடுற மாதிரி..." கடலில் அதுதானே சரி, கைத்தூண்டிலில் பெரிய மீன் இழுத்தால் தங்கூசி நூலை விட வேண்டும், இறுக்கினால் விரலை அறுத்துவிடும், விட்டுத்தான் பிடிக்க வேண்டும், அப்பாவின் வள்ளத்தில் இருந்து தூண்டில் போட்டு வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டுமா? நம்பலாம். நம்பியிருக்கலாம்... ஆனால் அன்று காலை வெள்ளைக்காரருக்கு முன்னால், இவருக்கு ஒண்டும் ஏலாது என்று அவள் சிரித்தாளே, அவன் முகம் கறுத்ததே, கயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தானே. கை விட்டதா, மனம் விட்டதா? அம்மா மரியமலருக்கு எல்லாம் லேசு. "அவன் பிடிச்சுத் தாற மீனைத் தின்னுறாய், அவன் பிடிக்கிற கயித்தை நம்ப மாட்டியோ?" மீன் கை நழுவி விழுந்தால் முறிய அதற்குக் கணுக்காலா இருக்கிறது அம்மா?

கயிறு மேலே வர மறுத்தது. "இஞ்சேருங்கோ, கயித்தை விடுங்கோ!" அசைவில்லை. "விழ மாட்டன், விடுங்கோ!" அன்று விட்ட கை இன்று விட மாட்டேன் என்கிறது, இடுப்புப் பட்டி வயிற்றை அறுக்கிறது, இப்படி இழுத்துப் பிடித்தால் எப்படி ஏறுவது, ஆடிக் காற்றில் ஒரு உதறு உதறினால் அவனே இவளைப் பாறையில் இருந்து பிடுங்கிவிடுவான். அவன் பிடிக்கிற கயிற்றில் இனியும் ஏறுவதா என்று இன்றோடு முடிவு செய்துவிட வேண்டும். மனம் ஒப்பவில்லை என்றால் கயிறு பிடிக்கக் கிண்ணியாவில் இருந்து ஸஜ்ஜாத்தைக் கூப்பிடலாம், நல்ல பெடியன், கவனமானவன்... கூப்பிட்டால் ஊர் என்ன சொல்லும், ஜக்சன் பெண்சாதியை விழ விட்டவன், பெண்சாதியே அவனைத் தள்ளி வைத்துவிட்டாள் என்று சொல்லும், அதற்குப் பிறகு அவன் அவளோடு ஒரு வீட்டில் இருப்பானா? இருக்க மாட்டான். அவனை அவளுக்குத் தெரியும். கடைசியில் கயிறு கொஞ்சம் தளர்ந்தது, அவள் ஏறினாள்.

உச்சிப் பாறையில் அடித்திருந்த சங்கிலியோடு தன்னைக் கொழுவிக்கொண்டு, தன் இரும்புப் பிடிக்குள் கயிற்றைப் போட்டாள். இனி அவன் ஏற வேண்டும், அவள் பிடிக்க வேண்டும். "வாங்கோ!" குடாவில் வெயில் தகரம் போல மினுங்கியது. அவன் ஏற ஏறக் கயிற்றை உள்ளே எடுத்தாள், எடுக்க எடுக்கக் காலையில் நடந்தது திரும்பத் திரும்ப வந்தது. பாறை ஏறப் போடுகிற அவள் சப்பாத்தை அலுமாரிக்கு மேலே ஒளித்து வைத்திருந்தான். "கால் இன்னும் ஆறேல்ல. நீர் இனி ஏற வேண்டாம், வீட்டில இரும்." வீட்டில இரும்! காலை முறித்தவன் சொல்கிறான், வீட்டில் இருக்கட்டாம், இவள் இருந்தால் இவனுக்கு நிம்மதியாம், முறித்ததும் அவன், காவலும் அவனா, இவனை...

ஜக்சனுடைய கால் வழுக்கியது. பாரம் முழுவதும் ஒரே இழுப்பாக வந்தது, அவள் விரல்கள் திறந்தன. ஓர் ஆள் நீளக் கயிறு கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது, பிறகுதான் மூடின, இறுகின, நின்றது. கீழே சின்னக் கல்லொன்று உருண்டு விழுந்த சத்தம். "அஞ்சலி! பிடிச்சிருக்கிறீரா?"

"ஓம்... பிடிச்சிருக்கிறன்."

கைதான். அப்பாவின் வள்ளத்தில் பழகின கை, தன்பாட்டுக்கு விட்டுவிட்டது, அவன் சொன்னது உண்மைதான், பாவம், இத்தனை மாதமாக அவனை... ஜக்சன் விளிம்பைப் பிடித்து ஏறி, மூச்சு வாங்க அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "நல்லாப் பிடிச்சீர்," என்று சிரித்தான். அவள் சிவந்த உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள். கைதான் விட்டது, கைதான்... ஆனால் விட்ட அந்த நேரத்தில், காலையில் இருந்து நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருந்த கோபம் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.