அரைஸ்பூன் பற்றிய குறிப்பு

மூன்று ஏழுகள். இரண்டு அவள் கையில், ஒன்று மேசையில். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மூன்று ஏழுகளையும் விட்டுவிட அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். கோணல்குடை என்ற பெயரில் எதிரே ஆடுகிறவர் தன்னிடமிருந்த அத்தனை பந்தய வில்லைகளையும் நடுவில் தள்ளியிருந்தார். தைரியம் இருந்தால் வா என்று அர்த்தம்.

அந்த ஆன்லைன் போக்கர் தளத்திலேயே ஆகச் சிறிய மேசை அது. முழுக்கத் தோற்றாலும் ஒரு பஸ் டிக்கெட் காசுதான் போகும். ஆனாலும் அவளுக்குத் துணிய மனசு வரவில்லை. அவரிடம் மூன்று ராஜா இருந்தால்? மூன்று ராணி இருந்தால்? கூடுதல் நேரம் கேட்கும் பொத்தானை அழுத்தினாள். இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்தது.

அந்த மேசையில் அவள் பெயர் அரைஸ்பூன். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடமாக வேலை. சோதனைக் குப்பிகள் வெப்பப்பெட்டிக்குள் இருக்கும் நேரத்தில் பொழுதுபோக்காக ஆரம்பித்தது, இப்போது வீடு வரை வந்துவிட்டது. கணவனுக்குத் தெரியாது. சீட்டு என்றாலே முகம் சுளிக்கிறவன். அவள் தையல் வீடியோ பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான், அவளும் நினைக்க விட்டிருந்தாள். கோணல்குடையோடு ஏழு மாதப் பழக்கம். யாரோ ஓய்வுபெற்ற வாத்தியார் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். ஒரு நாள் அவள் வரிசையாகத் தோற்றபோது, "பரவாயில்லை, அடுத்த ஆட்டம் இருக்கிறதே" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை அவள் இரண்டு நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். அப்படி யாரும் அவளிடம் பேசி வெகுநாளாகியிருந்தது.

இன்றைக்கு ஆட உட்கார்ந்ததே வேறொன்றை மறக்கத்தான். கைப்பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. நாளைக் காலை கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனைப் பிரிவுக்கு அவளையே பொறுப்பாளராகப் போடுவதாகத் தலைமை வேதியியலாளர் சொன்னது போன செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் கணவன், தனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது, அடுத்த மாதமே கிளம்ப வேண்டும் என்றான். அவள் வேலையை விடப்போவதைச் சொன்னதும் தலைமை வேதியியலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? அந்த ஊர்ல போயி வீட்டுக் குழாய்த் தண்ணிய மோந்து பாத்துட்டு உக்காந்திருக்கப் போறியா?"

"அவருக்கு மாத்தல் சார்."

"அவருக்குத்தானே? திங்கட்கிழமை வரைக்கும் எதையும் என் மேசையில வைக்காதே. யோசி."

வீட்டில் அதைச் சொன்னபோது கணவன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "யோசிக்கல்லாம் நேரமில்லம்மா. லெட்டர எழுதிடு."

எழுதிவிட்டாள்.

வாசல் மணி அடித்தது. வழக்கம்போல எழுந்தாள். முன்னறையிலிருந்து கணவனின் குரல் வந்தது.

"நீ இரு, தண்ணிக் கேன்காரர்தான். நான் போய்த் தூக்கிட்டு வர்றேன்."

ஆபீஸ் வேலை இருக்கிறது என்று காலையிலிருந்து லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவன், இப்படித் தானாக எழுந்து போவது அபூர்வம். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. போனவன் காலிக் கேனை எடுக்க மறந்திருப்பான். கையில் ஃபோனோடு முன்னறைக்கு வந்தாள். கேன் மேசைக்கு அடியில்தான் இருந்தது. அதன் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது லேப்டாப் திரை கண்ணுக்கு நேரே வந்தது.

பச்சை மேசை. நடுவே வில்லைக் குவியல். எதிர் இருக்கையில் அரைஸ்பூன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. தன் ஃபோன்தான் எப்படியோ அந்தப் பெரிய திரையில் தெரிகிறது என்று நினைத்தாள். பிறகு கீழே பார்த்தாள். அங்கே ஏழுகள் இல்லை. ஓர் எட்டு, ஓர் ஐந்து. எதற்கும் ஆகாத இரண்டு சீட்டுகள், அவள் பார்க்கக் கூடாத பக்கத்திலிருந்து திறந்து கிடந்தன. அவற்றின் மேல் கோணல்குடை என்று எழுதியிருந்தது. கேனின் கழுத்து விரல்களிலிருந்து நழுவியது. அது தரையில் உருண்டு சுவரில் மோதிய சத்தம் அவளுக்கு எங்கேயோ அடுத்த வீட்டில் கேட்டது போல இருந்தது.

மவுஸின் அம்புக்குறி அவள் பெயர் மேல் நின்றிருந்தது. எதிராளியைப் பற்றி ஆடுகிறவர் எழுதிவைக்கும் குறிப்பு ஒரு மஞ்சள் கட்டத்தில் திறந்திருந்தது. அவளும் அவரைப் பற்றி ஒன்று எழுதியிருந்தாள்: நிதானமானவர், நல்ல மனசு.

இங்கே இப்படி இருந்தது: மிரட்டினால் விடும். கையில் நல்லது இருந்தாலும் விடும். யோசிக்க விடக்கூடாது.

இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்துகள் கூடி வரவில்லை. அவளென்று தெரிந்து எழுதியதில்லை, அது அவளுக்குப் புரிந்தது. தெரியாமலேயே இவ்வளவு சரியாக எழுதியிருக்கிறான். செவ்வாய் இரவு பொறுப்பாளர் பதவியைப் பற்றிச் சொன்னாள். புதன் காலை மாற்றல். நடுவில் ஒரே ஒரு ராத்திரி. மாற்றல் உத்தரவை இதுவரை அவள் கண்ணால் பார்க்கவில்லை. காட்டுங்கள் என்று கேட்கவும் தோன்றவில்லை. அவன் சொன்னான், அவள் கடிதம் எழுதினாள்.

ஃபோனில் இன்னும் இருபது நொடி இருந்தது. அவனிடம் ஒன்றுமில்லை என்று இப்போது தெரியும். ஒரு தட்டு தட்டினால் குவியல் முழுக்க அவளுடையது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வெளிக்கை பட்ட தண்ணீர் மாதிரியை யாரும் சோதிப்பதில்லை, கீழே ஊற்றிவிடுவார்கள். ஏழு வருடப் பழக்கம் அவள் விரலில் இருந்தது. 'விடு' என்பதை அழுத்தினாள். லேப்டாப் சின்னதாக ஒரு மணியோசை எழுப்பி, வில்லைகளைக் கோணல்குடையின் பக்கம் வாரிக் கொடுத்தது.

அவன் தோளில் கேனோடு உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது. அந்த ஓசை கேட்டதும் கண் தானாகத் திரைக்குப் போயிற்று. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு, எதற்கு என்றுதான் இத்தனை நாள் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் அங்கே நிற்பதைப் பார்த்தான்.

"அது... ஆபீஸ்ல ஒருத்தன் சும்மா அனுப்பினான். என்னன்னு பாத்தேன்."

"மாத்தல் ஆர்டரக் காட்டுங்க."

"என்னது?"

"ஆர்டர். நான் இன்னும் பாக்கல."

"இப்ப எதுக்கும்மா அது? மெயில்ல இருக்கு."

"லேப்டாப் திறந்துதான இருக்கு."

குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போது அவன் பார்வை அவள் கையிலிருந்த ஃபோனுக்கு இறங்கி, அங்கேயும் அதே பச்சை மேசையைக் கண்டு, திரைக்குப் போய், அரைஸ்பூன் என்ற பெயரில் நின்று, அவள் முகத்துக்குத் திரும்பி வந்தது. அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ வடிந்துவிட்டது. கேனை அவன் இறக்கவில்லை. ஆர்டரை அவள் இன்னொரு முறை கேட்கவில்லை, நகரவும் இல்லை.

ஜன்னல் வெளிச்சம் அவன் தோளிலிருந்த கேனுக்குள் விழுந்தது. படியேறி வந்த வேகத்தில் உள்ளே தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி. அது அடங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடங்கவில்லை. அவன் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.