கொட்டாப்புளியான் வரப்பைத் தாண்ட மாட்டான்

என் மகள் செலின் புத்தகத்தைப் பாதியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட வந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வாங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். 'எழுகடல் வாளின் இரகசியம்', இளையோருக்கான மாயாஜால சாகச நாவல். எழுதியவர் வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக்கே வந்து பேசுவாராம்.

"மொதல்ல சூப்பரா கீதும்மா. பாதிக்கு மேல வேற யாரோ எழுதின மாரி கீது. குதிர பறக்குது, முனிவர் அட்வைஸ் பண்றாரு. செம போர்."

பின்னட்டையைத் திருப்பினேன். தலை நரைத்திருந்தாலும் படத்தில் அடையாளம் தெரிந்தது. சாமிநாதன் சார். பாகூரில் எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் எடுத்தவர். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம்.

முதல் பக்கத்தைப் பிரித்தேன். அது என் கதை.

பதிமூன்று வயதில் ஒரு நோட்டு நிறைய எழுதியிருந்தேன். கொட்டாப்புளியான் என்ற அரக்கன், பவுனு என்ற பெண்ணைத் துரத்துவான். என் அப்பா மரியதாஸ் டெம்போ ஓட்டினார். எங்கள் பக்கம் ஒரு தெரு பாண்டி, அடுத்த தெரு தமிழ்நாடு, அதற்கடுத்த வயல் மறுபடி பாண்டி. பர்மிட் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது என்று அப்பா அடிக்கடி சொல்வார். போனால் பிடிப்பார்கள் என்று அதற்குப் பொருள். எனக்கு அது விளங்கவில்லை. போகவே முடியாது, எல்லையில் கால் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். ஆகவே தமிழ்நாட்டு அரக்கனான கொட்டாப்புளியான் பாண்டி வரப்பு வந்ததும் நின்று பல்லைக் கடிப்பான். பவுனு வரப்புக்கு வரப்பு தாவித் தப்பிப்பாள். நோட்டு தீர்ந்துவிட்டதால் முடிவை மட்டும் எழுதவில்லை. அது மனதில் இருந்தது.

போட்டிக்கு அனுப்புவதாகச் சொல்லி சார் அந்த நோட்டை வாங்கிக்கொண்டார். பிறகு தபாலில் தொலைந்துவிட்டது என்றார். நான்காவது முறை கேட்டபோது வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி, "டெம்போக்காரர் பொண்ணுக்குக் கதை எதுக்கு? போய்க் கையெழுத்தைத் திருத்து" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு நான் கதை எழுதியதில்லை.

புத்தகத்தை இரண்டு நாளில் மூன்று முறை படித்தேன். பக்க எண்களைக் குறித்துக்கொண்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை என் வரிகள். பவுனை இளவரசனாக்கியிருந்தார். மண் மணக்க வேண்டும் என்றோ என்னவோ, ஊர்ப் பெயர்களை மட்டும் அப்படியே விட்டிருந்தார். நூற்றுப் பதின்மூன்றில் அரக்கன் எல்லா வரப்பையும் சர்வ சாதாரணமாகத் தாண்டிப் போகிறான். அவன் அதுவரை ஏன் நின்றான் என்பது இருபத்தாறு வருடமாக நோட்டை வைத்திருந்தவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் அவரைப் பிடிக்கலாம்.

என் கணவர் சார்லஸ் போலீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஆதாரமான நோட்டு சாரிடம் இருக்கிறது, நான் எதை எழுதிக் கொடுப்பது? எனக்கு மன்னிப்பும் வேண்டாம். அவர் தன் வாயால், பிள்ளைகள் முன்னால், மைக்கில் சொல்ல வேண்டும். தலைமையாசிரியை திரௌபதிக்கு முறையாக ஒரு கடிதம் எழுதினேன். பெற்றோரும் கேள்வி கேட்க அனுமதி கோரினேன். கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சார் பொன்னாடையோடு மேடையில் இருந்தார். கேள்வி நேரத்தில் நான் முதலில் எழுந்தேன்.

"சார், நாப்பத்தோராம் பக்கத்துல அரக்கன் குருவிநத்தம் வரப்புல நின்னு பல்லக் கடிக்கிறான். ஏன் தாண்டல?"

அது ஒரு குறியீடு என்றார். தீமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைத்தான் அப்படிக் காட்டியிருக்கிறாராம்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண், "அது பாண்டி சார். அவன் தமிழ்நாடு. பர்மிட் கெடையாது" என்றாள். அரங்கே சிரித்தது. அப்படியென்றால் பின்னால் எப்படித் தாண்டினான் என்று வேறொருத்தி கேட்டாள். கற்பனையில் எதுவும் நடக்கலாம் என்றார் சார்.

"அப்ப மொதல்லயே தாண்டியிருக்கலாமே சார்" என்றாள் அவள்.

அவர் தண்ணீர் குடித்தார். நான் இன்னும் உட்காரவில்லை.

"நான் ஆரோக்கியசெல்வி சார். டெம்போ மரியதாஸ் பொண்ணு. இந்தக் கதையோட முடிவு எனக்குத் தெரியும், அது அந்த நோட்டுல இல்ல. நோட்டு யாரோடதுன்னு நீங்க சொல்லுங்க. முடிவ நான் சொல்றேன்."

பிள்ளைகளுக்கு வேண்டியது முடிவு. சொல்லுங்க சார், சொல்லுங்க சார் என்று மேசையைத் தட்டினார்கள். திரௌபதி டீச்சர் அதட்டியிருக்கலாம், அதட்டவில்லை. அவரும் நூற்றுப் பதின்மூன்றுக்கு மேல் படித்தவர்தான்.

சார் ஏதோ முணுமுணுத்தார்.

"மைக்ல சார்" என்றேன்.

"பாதிக் கதை இந்தப் பொண்ணு எழுதினது. எட்டாவது படிக்கும்போது." அடுத்த பதிப்பில் நன்றி போட்டுவிடுவதாகவும் சேர்த்துக்கொண்டார். வேண்டாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். "முடிவக் கேட்டுட்டுப் போலாம் சார், ஒக்காருங்க" என்றார் திரௌபதி. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

நான் மேடையேறிச் சொன்னேன். தூங்குகிற கொட்டாப்புளியானைப் பவுனு கரும்பு லாரியில் ஏற்றிவிடுகிறாள், ஏனென்றால் லாரிக்குப் பர்மிட் உண்டு. சுற்றிலும் பாண்டி, நடுவில் ஒரு காணி நிலம் மட்டும் தமிழ்நாடு. அந்த இடத்தில் டிரைவர் டீ குடிக்க நிறுத்துகிறான். அரக்கன் விழித்து இறங்குகிறான், லாரி போய்விடுகிறது. நாலு பக்கமும் வரப்பு. இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசைப் பெண் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டுக்கு மேல் இருந்த தாள்களைக் கொத்தாகப் பிடித்து, கிழிக்கலாமா என்று டீச்சரைப் பார்த்தாள்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று சொல்லி, பவுனு அவனை லாரியில் ஏற்றிய இடத்திலிருந்து மறுபடி, முன்பைவிட நிதானமாக ஆரம்பித்தேன்.