இரண்டாவது வாளி

சர்வர் மூன்றாவது தடவையாக மேஜையைத் துடைத்தான். ஜெயக்கொடிக்கு அப்போதே பொறி தட்டியது.

பக்கத்து மேஜையில் இருந்த துறைமுகத் தொழிலாளிக்கு ஜக்கில் தண்ணீர். அவளுக்கும் அவள் கணவனுக்கும் முன்னால் மட்டும் சீல் உடைக்காத பாட்டில். அவருக்கு ஓரம் கிழிந்த இலைத்துண்டு, இவர்களுக்குத் தளதளவென்று தலைவாழை. பழைய வண்ணாரப்பேட்டையில், அதுவும் கூட்டம் நெரிகிற மதிய வேளையில், இப்படி ஓர் உபசாரமா?

சாத்தான்குளத்தில் 'மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். பீச்சும் மெட்ரோவும் சாக்கு. மகள் ஹெப்சிபாவுக்கு வந்திருக்கும் வரன் சாலமோன், இந்த ஓட்டல் முதலாளி அருள்பிரகாசத்தின் ஒரே பிள்ளை. கல்யாணமானால் அவள் குடியிருக்கப் போவது இந்தக் கடையின் மாடியில். தரகர் பேச்சை நம்பிப் பெண்ணைக் கொடுக்கிற ஆளில்லை ஜெயக்கொடி. யாரென்று காட்டிக்கொள்ளாமல் போய்ச் சாப்பிட்டால் குடும்பத்தின் லட்சணம் இலையிலேயே தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி.

மீன் குழம்பு வந்தது. ஒரு வாய் பிசைந்து வைத்தவளின் கை அப்படியே நின்றது.

இந்த ருசி அவளுக்குத் தெரியும். நேற்று மதியம் ராயபுரத்தில் பிலோமி என்ற அம்மாள் நடத்தும் சின்னக் கடையில் சாப்பிட்டார்கள். தேங்காய் இல்லாத குழம்பு, மேலே வடகத் தாளிப்பு. இதில் என்ன வாசனை என்று இவள் துருவித் துருவிக் கேட்டதற்கு பிலோமி, "இன்னாக்கா, ஊருக்குப் புச்சா? முதல்ல துன்னு. அப்பால விசாரணை கமிசன் வெச்சிக்கலாம்" என்று வாரியிருந்தாள்.

வாசலில் 'நெல்லைச் சமையல்' என்று போர்டு. நெல்லைக்காரன் அடுப்பில் வடகம் தாளித்த மீன் குழம்பா?

ஓரக்கண்ணால் பார்த்தாள். தொழிலாளியின் சோற்றில் மஞ்சளாக, தேங்காய் அரைத்த குழம்பு கிடந்தது. அது வேறு வாளியிலிருந்து வந்தது.

"தம்பி, அந்த வாளிக் குழம்புல கொஞ்சம் ஊத்துங்க."

"அது தீந்து போச்சுக்கா."

"தளும்புதே."

சர்வர் காது கேளாதவன் போல நகர்ந்தான். வாளியை அடுத்த வரிசைக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே தாராளமாக ஊற்றினான்.

ஜெயக்கொடி மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள். தேவப்பிரியம் மும்முரமாக முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க யார்கிட்டயாவது பேசுனீயளா?"

"ஒரே ஒரு போன்தான். நாளைக்குச் சம்பந்தியாகப் போறவர் கடையில களவாணி மாதிரி போய் உக்காரச் சொல்லுதியே, நல்லாவா இருக்கு?"

"நல்லா இருக்கு உங்க மரியாதை. அதான் தலைவாழை." இலையை மூடாமலே எழுந்தாள்.

கை கழுவுமிடம் பின்கட்டில், சமையலறையை ஒட்டி இருந்தது. அங்கே போட்டோவில் பார்த்த அதே முகம், ஒரு தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தது.

"பிலோமி கடைத் தூக்கா சாலமோன்?"

அவன் நிமிர்ந்தான். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால், "ஆமா அத்தை" என்றான்.

"உங்க கடைக் குழம்புக்கு என்ன கேடு? நேத்தையதுன்னா நான் கேட்டு வாங்கித் திம்பேனே."

"குழம்பு இன்னைக்கு வச்சதுதான். மீன்தான்..." உள்ளே பார்த்துக் குரலைத் தணித்தான். "ஐஸ்பெட்டியில பல நாள் கிடந்து நொந்து போனது. வீணாக்கக் கூடாதுன்னு அப்பா புளியைக் கூட்டிப் போடச் சொல்லுவாவ."

"நீ திம்பியா அதை?"

"மாட்டேன்."

"ஆனா பரிமாறுவ."

அவன் கழுவிய தூக்கையே மறுபடி கழுவினான். அவனுக்குப் பின்னால் அருள்பிரகாசம் சிரித்தபடி வந்து நின்றார்.

"என்ன மைனி, கை கழுவவா இவ்வளவு நேரம்? பாயசம் வருது, வாங்க."

"உங்க மகனைப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி. அந்த வாளியைத்தான் பிடிக்கல. எம்பிள்ளை வந்து அதையா தூக்கணும்?"

அவர் சிரிப்பு உதட்டிலேயே தங்கிப்போனது. "ஏல, என்னத்தச் சொல்லித் தொலைச்ச?" என்று மகனைப் பார்த்தார்.

உள்ளே தொழிலாளியின் குரல் கேட்டது. "நைனா, இன்னொரு கரண்டி ஊத்திகினு போ. இன்னிக்கு மீன் தேடுனாலும் காணோம்."

சாலமோன் போனான். சர்வர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி, பின்கட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவின் காலடியிலேயே சாக்கடையில் கவிழ்த்தான். புளியையும் மீறி நாற்றம் கிளம்பியது. அருள்பிரகாசம் கை ஓங்கினார். ஜெயக்கொடி நிற்பதைப் பார்த்ததும் அந்தக் கை தலையைக் கோதிக்கொண்டது.

அவளுக்கு மனசு இளகவில்லை. யாருக்காகக் கொட்டினான்? அந்தத் தொழிலாளிக்காகவா, பெண்ணைப் பெற்றவள் பார்க்கிறாள் என்பதற்காகவா?

"தம்பி, இன்னைக்கு நான் இருந்தேன், கொட்டுன" என்றாள். "நான் இல்லாத அன்னைக்கு நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியணும். திரும்ப வருவேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். நான் வராட்டா, உனக்கு முகம் தெரியாத யாராவது வந்து உக்காருவாங்க. எங்க பதில் அதுக்கப்புறம்தான்."

"வாங்க அத்தை" என்றான் அவன். சட்டென்று வந்தது அந்தப் பதில். பயத்திலா, நிம்மதியிலா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

தேவப்பிரியத்தை இழுத்துக்கொண்டு வெளியேறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சாலமோன் தொழிலாளியின் இலையில் ரசம் ஊற்றி, பக்கத்தில் சுடச்சுட ஒரு ஆம்லெட் வைத்துக்கொண்டிருந்தான். அவர் அதை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.