கொம்பும் இறக்கையும், நடுவில் ஒரு தொட்டி மீனும்

என் மருமகள் வண்டி வாங்கப் போகிறாள் என்ற செய்தி எங்கள் குடும்பத்தில் குழந்தை பிறந்த செய்தியைவிட வேகமாகப் பரவியது. மருமகள் என்றால் தங்கையின் மகள். வண்ணமீன் வளர்த்துக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொடுக்கிறாள். இதுவரை வாடகை வண்டிதான். வாடகைக்கு வருகிறவன் மீனை சிமெண்டு மூட்டை மாதிரி ஏற்றுவான், சிமெண்டு மூட்டை மாதிரியே இறக்குவான். போய்ச் சேரும்போது பாதி மீன் மல்லாந்திருக்கும். அதனால் சேர்த்து வைத்ததையெல்லாம் வழித்துப் போட்டு சொந்தமாக ஒரு பிக்கப் வாங்குவது என்று முடிவு செய்தாள். ஒன்றுதான் வாங்க முடியும். தப்பானதை வாங்கினால் மீனும் போகும், தொழிலும் போகும்.

எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். அவளுக்கு ஒரு அப்பன், ஒரு தாய்மாமன். இரண்டு பேருமே பிக்கப் டிரைவர்.

நான் ஓட்டுவது மூக்கில் கொம்பு பொறித்த வண்டி. என் தங்கை புருஷன், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, ஓட்டுவது இறக்கை பொறித்தது. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒருத்தன் வழக்குப் போடுவான், இன்னொருத்தன் காலண்டர் அனுப்புவான். எங்கள் வண்டி ஸ்டாண்டில் கொம்பு, இறக்கை என்றாலே போதும்.

கொம்பைப் பற்றி நடுநிலையோடு சொல்கிறேன். அதைப்போல ஒரு வண்டி உலகத்தில் இல்லை. பாரம்தான் அதற்குப் பலகாரம். ஒருமுறை கருங்கல் ஏற்றினார்கள். முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பிவிட்டன. ஸ்டியரிங் எதற்கு என்று விட்டுவிட்டேன். இடப்பக்கம் சாய்ந்தால் வண்டி இடது, வலப்பக்கம் சாய்ந்தால் வலது. அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன். கூட்டுரோட்டில் போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். குறை என்று தேடினால், கிளட்ச் கொஞ்சம் கனம். என் இடது தொடை வலதைவிடப் பருமனாக இருப்பதற்கு அதுதான் காரணம். தையல்காரர் இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளவெடுப்பார். காலியாகப் போனால் பின்பக்கம் துள்ளும். துள்ளாமல் கிடக்க அது என்ன கட்டிலா?

இறக்கையைப் பற்றியும் அதே நடுநிலையோடு சொல்கிறேன். அது வண்டியே இல்லை, சக்கரம் வைத்த சோபா. ஸ்டியரிங்கைச் சுண்டுவிரலால் திருப்பலாம். ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவன் யாருக்கோ சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். மைலேஜில் மட்டும் மாப்பிள்ளைக்கு ஏகப்பட்ட பெருமை. இறக்கத்தில் விட்டால் டீசல் முள் மேலே ஏறுமாம். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால்கூட, மாதக் கடைசியில் பங்க்காரன் இவரிடம் வந்து டீசல் வாங்கிக்கொண்டு போகவேண்டியிருக்கும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதனால் நான் அவரை மன்னித்திருந்தேன். ஆனால் அவர் வண்டியில் நான் ஏறியதில்லை, என் வண்டியில் அவர் ஏறியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கொட்டகையில் பஞ்சாயத்து நடந்தது. சுற்றிலும் தொட்டிகள், மேலே காற்றுக்குழாய்கள் குமிழ்விடும் சத்தம். தங்கை டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"கொம்பை வாங்கினா பொண்ணு இடுப்பு ஒடிஞ்சு படுத்துடுவா, மச்சான்."

"இறக்கையை வாங்கினா ஏத்தத்துல மீனெல்லாம் எறங்கித் தள்ளணும், மாப்ள."

"உங்க வண்டி வர்ற சத்தத்துக்கு மீனுக்கே காது முளைச்சிடும்."

"உங்க வண்டி வர்றதே தெரியாம நாலு கோழி செத்துருக்கு."

"அண்ணே, டீ ஆறுது" என்றாள் தங்கை. "இந்த ரெண்டு தகரத்துக்கும் குடுக்கிற மரியாதையில கால்வாசி இந்த டீக்குக் குடுங்க."

மருமகள் முழங்கை வரை ஈரத்தோடு எழுந்து நின்றாள். பேச்சில் சிக்கனமான பெண். அவள் அப்பனுக்கும் சேர்த்து மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

"ஓட்டிப் பாத்துடலாம். ஆனா மாத்தி ஓட்டணும். அப்பா கொம்பை ஓட்டட்டும், மாமா இறக்கையை ஓட்டட்டும். ஆளுக்கொரு தொட்டி. விளிம்பு வரைக்கும் தண்ணி, உள்ள மீன். மேட்டுக்கடை வரைக்கும் போயிட்டு வாங்க. எந்த வண்டியில தண்ணி கம்மியா சிந்துதோ அதுதான் நான் வாங்கப் போற வண்டி."

"தோத்தவங்க?" என்றார் மாப்பிள்ளை.

"ஸ்டாண்டுல எல்லார் முன்னாடியும் ஜெயிச்ச வண்டியைப் பாத்து 'நல்ல வண்டி'ன்னு சொல்லணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். எதிரியின் வண்டி என் கையில், தண்ணீரும் என் கையில். நாலு பிரேக் போட்டால் தொட்டி காலி. மாப்பிள்ளையின் மூஞ்சியைப் பார்த்தேன். அங்கேயும் அதே கொண்டாட்டம்.

ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் அந்தப் பெண் எங்களை எந்த மூலையில் முடக்கிவிட்டாள் என்பது உறைத்தது. போகிற வழியில்தான் ஸ்டாண்ட். வழியெல்லாம் தண்ணீர் சொட்ட நான் திரும்பி வந்தால், "வண்டி சரியில்லை" என்று எவன் நம்புவான்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். "என்ன பெரியவரே, லைசென்ஸ் புதுசா?" என்று ஆயுசு முழுக்கக் கேட்பார்கள். சிந்தினால் என் பேர் போகும். சிந்தாவிட்டால் கொம்பின் பேர் போகும்.

கொம்புதான் முக்கியம், என் பேர் போனால் போகட்டும் என்று தியாகம் செய்ய முடிவெடுத்தேன். நல்ல ஆழமான ஒரு பள்ளத்தைப் பார்த்து வண்டியை விட்டேன். கை கேட்கவில்லை. கடைசி நொடியில் தானாக ஒதுக்கிக்கொண்டது. வேகத்தடையில் பாய்ச்சலாம் என்றால், கால் முன்கூட்டியே பிரேக்கைத் தடவிக்கொடுக்கிறது. சொந்தக் கையும் காலுமே கட்சி மாறினால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? போதாக்குறைக்கு அந்த சீட். முதுகை அணைத்துப் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்ச தூரம் போகலாமே" என்கிறது. துரோகம் என்பது முதுகுத்தண்டு வழியாகத்தான் ஏறும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தால் ஒரு சொட்டுக் குறையவில்லை. ஒரு மீன் தூங்கியே போயிருந்தது. பின்னாலேயே கொம்பு வந்து நின்றது. மாப்பிள்ளை இடது காலை இழுத்து இழுத்து இறங்கினார். அவர் தொட்டியிலும் தண்ணீர் விளிம்பில் பளபளத்தது. பாதி வழியில் கூடிவிட்டது, தானே கொஞ்சம் மொண்டு வெளியே ஊற்றவேண்டியிருந்தது என்றார். அவருக்கு இப்படி அளக்கிற பழக்கம் உண்டு.

மருமகள் இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நான் ஒரு மடச்சி. உங்க ரெண்டு பேர் கையில தள்ளுவண்டியைக் குடுத்தாலும் சிந்தாது. நாளைக்கு ஓட்டப்போறது நான்தானே?" கையை நீட்டினாள். "சாவி."

அவள் லைசென்ஸ் எடுத்து அதிக நாள் ஆகவில்லை. அதைக் கொடுத்த அதிகாரி உடனே நீண்ட விடுப்பில் போய்விட்டதாகக் கேள்வி. நானும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "நாங்க பின்னாடி ஏறித் தொட்டியைப் பிடிச்சுக்கறோம்" என்றோம், ஒரே குரலில். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல்தடவை.

முதலில் கொம்பு. அவளுடைய கால் கிளட்சை அடிவரைக்கும் மிதிக்க மாட்டேன் என்றது, கிளட்ச் அடிவரைக்கும் மிதிக்காமல் பிடியை விட மாட்டேன் என்றது. வண்டி விக்கியது, செத்தது, பிழைத்தது, மறுபடி விக்கியது. தண்ணீர் எழுந்து நின்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையில் இறங்கியது. ஒரு தங்கமீன் துள்ளி மாப்பிள்ளையின் சட்டைப்பைக்குள் போயிற்று. அவர் பதறவில்லை. கையளவு தண்ணீர் மொண்டு பையில் ஊற்றி, பையின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். மேட்டில் வண்டி பின்னால் உருண்டபோது, "சாமி, மச்சானைக் காப்பாத்து" என்று அவர் வேண்டிக்கொண்டதாக என் காதில் விழுந்தது. பிற்பாடு கேட்டதற்கு, மீனைச் சொன்னேன் என்றார்.

அப்புறம் இறக்கை. அதே பெண், அதே மேடு, அதே தப்புகள். கியரைத் தப்பாகப் போட்டாள். வண்டி கேட்டும் கேளாததுமாக விட்டுவிட்டது. கிளட்சை அரைகுறையாக மிதித்தாள். போகட்டும் என்றது. மேட்டில் நின்றாள். அதுவும் கூடவே நின்றது. தண்ணீர் எங்கள் கணுக்கால் வரைக்கும்தான் நனைத்தது. மீன்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தன.

இறங்கியதும் அவள் ஒவ்வொரு மீனாகப் பார்த்தாள். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை, சட்டைப்பையில் பயணம் செய்தது உட்பட.

"மாமா, உங்க வண்டி உங்களுக்கு நல்லா இருக்கு. எனக்கு என் தப்பைப் பொறுத்துக்கிற வண்டி வேணும். இறக்கையே வாங்கிக்கறேன்."

தலையிலிருந்து வழிந்த பாசியை வழித்துத் தொட்டியில் போட்டேன்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் ஒரு ஆள் பாக்கியில்லை. லீவில் இருந்தவனும் வந்திருந்தான். மாப்பிள்ளை தன் வண்டியைக் கழுவித் துடைத்து நடுவில் நிறுத்தியிருந்தார். நான் போய் பானெட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"நல்ல வண்டி."

"என்ன மச்சான்? காதுல விழல."

"நல்ல வண்டி."

"லாரி போச்சு. கொஞ்சம் சத்தமா."

"நல்ல வண்டி மாப்ள, நல்ல வண்டி! போதுமா?"

ஸ்டாண்டே கைதட்டியது. கூட்டம் கலைந்ததும் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"மச்சான், நேத்து உங்க வண்டி... மேட்டுல மூணாவது கியர்லயே ஏறிடுச்சு."

"என்ன மாப்ள? காதுல விழல."

"ஒண்ணுமில்ல."

"லாரி எதுவும் போகலியே. கொஞ்சம் சத்தமா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கொஞ்சம் செங்கல் ஏத்தற வேலை வந்திருக்கு. என் வண்டி சர்வீஸ்ல இருக்கு. ஒரு நாளைக்கு உங்க சாவியைக் குடுத்தீங்கன்னா..."

சர்வீசில் இருக்கிற வண்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்காதவன் போல சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

சும்மா கொடுக்கவில்லை. சர்வீஸ் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று யாராவது ஓட்டிப் பார்க்கவேண்டுமே என்று சொல்லி, அவர் சாவியை வாங்கிக்கொண்டேன்.