ஏழு மணியில் நிற்கும் குமிழ்

ஒத்திகை முடிந்து எல்லோரும் குளிர்க்கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தபோது, இல்போ தன் தங்கை மெர்வியின் காலடியில் குனிந்து, அவளுடைய ஆரஞ்சு நிறக் கித்தார் பெடலின் ஒரு குமிழை ஒற்றை விரலால் இடது கோடிவரை திருகினான். இன்னொரு கையில் வெந்நீர்க் குடுவையின் மூடி இருந்தது, அதில் கடைசி வாய் பட்டாணி சூப். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்தான். மீசையில், சூப்பில் கலந்த கடுகு விழுது ஒட்டியிருந்தது.

"மறுபடியும் ஒன்பதா? ஆம்ப் ஏற்கெனவே தொண்டை கிழியக் கத்துது. அது வாயில நீ வேற எதுக்குடி கடுகை அப்பற?"

"என் கால், என் பெடல். நீ போய் பஸ்ஸை ஓட்டுடா."

இருபத்திரண்டு வருடமாக இதே பேச்சு. அவன் திருகுவான், இவள் முறைப்பாள், அவன் முதுகைத் திருப்பியதும் குனிந்து குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். அன்றைக்கு அவளுடைய கோட்டின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. டிரம் வாசிக்கும் ரவுனோ விளக்கை அணைக்க சுவிட்ச் மேல் கை வைத்து நின்றிருந்தான். அடுத்த வியாழன் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். நிலவறையின் இரும்புக் கதவை ரவுனோ தோள்கொடுத்துச் சாத்தினான். மேலே வந்தபோது கோட்கா நகரத்தின் மேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கொட்டியது. சனிக்கிழமை காலை இல்போ வாசலிலிருந்து கேட்வரை பாதை ஒதுக்கப் போனான். அவன் மனைவி சிர்க்கு சமையலறையில் இருந்தாள். பனி வாரும் சுரண்டல் சத்தம் நின்றது. காபிக்கு வருகிறான் என்று நினைத்து அவனுடைய கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். காபி ஆறத் தொடங்கிய பிறகுதான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஐம்பத்தொரு வயது. பாதை பாதிவரை ஒதுக்கப்பட்டிருந்தது.

*

அந்தப் பெடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும்போது எல்லோரும் அதைச் சத்தத்தைக் கிழிக்கும் கருவி என்றுதான் வாங்குவார்கள். புதிதாக மெட்டல் என்கிற முரட்டு இசை வாசிக்க வருகிறவர்கள் எல்லாக் குமிழ்களையும் வலது கோடிவரை திருகி, கித்தாரின் ஒலிபெருக்கியான, ஏற்கெனவே உறுமுகிற ஆம்பில் கொண்டுபோய்ச் செருகி, சேற்றில் லாரி சிக்கின மாதிரி ஒரு சத்தம் எழுப்பி, அதைக் கேட்டுத் தாங்களே பூரித்துப்போவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். சத்தத்தைக் கிழிக்கிற குமிழை அடியோடு குறைத்துவிட்டு, ஒலியின் அளவைக் கூட்டுகிற குமிழை முழுக்கத் திறந்துவிடுவார்கள். கிழிக்கிற வேலையை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். பெடல் அதற்கு முன்னால் நின்று, அடித்தந்தியின் தொளதொளப்பை வடிகட்டி, ஆம்பின் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் ஆணி இறங்குகிற மாதிரி தனித்தனியாக விழும்.

வாசிப்பவர்கள் குமிழ்களின் நிலையைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்வார்கள். இடது கோடி ஏழு மணி. அதற்குக் கீழே போகாது. அண்ணனும் தங்கையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு பெடல் வாங்கினார்கள். சத்தத்தைக் கிழிக்கிற குமிழ் இல்போவுடையதில் வாங்கிய நாளிலிருந்து ஏழில். மெர்வியுடையதில் ஒன்பதில்.

கேட்டால், "கொஞ்சம் முரடு இருந்தாதான் எனக்குப் பிடிக்கும்" என்பாள். உண்மை அதுவல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஏழு மணியில் ஒளிய இடமில்லை. வலது கை ஒரு மயிரிழை தாமதித்தாலும் கூடம் முழுக்கக் கேட்கும். ஒன்பதில் இருந்தால் சத்தத்தின் மேல் மெல்லிய புழுதி படியும், சின்னச் சின்னப் பிசகுகள் அதில் மறைந்துவிடும். நாள் முழுக்கப் பல் மருத்துவரின் பக்கத்தில் நின்று உறிஞ்சுகுழாயைப் பிடித்துவிட்டு வருகிற மணிக்கட்டுக்கு அந்தப் புழுதி தேவைப்பட்டது. இல்போ இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குமிழைத் திருகுவதோடு சரி.

*

இல்போவின் அடக்கம் முடிந்து திருச்சபைக் கூடத்தில் காபி கொடுத்தார்கள். இறால் வைத்த சாண்ட்விச் கேக்கை யாரோ மெர்வியின் தட்டில் வைத்தார்கள். சிர்க்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்கள் அழுது தீர்த்துக் காய்ந்திருந்தன.

"மார்ச் கச்சேரியைப் பத்திக் கேட்டாங்க. தொழிலாளர் மன்றத்துலேர்ந்து. ரத்துன்னு சொல்லிடவா?"

"வேண்டாம்."

"இல்ல, ஒரு அஞ்சலி மாதிரி வெச்சுக்கலாங்கறாங்க. சாதா கித்தார்ல மெதுவா ஒண்ணு ரெண்டு பாட்டு. அவன் நின்ன எடத்துல ஒரு நாற்காலி, ஒரு மெழுகுவத்தி."

"சிர்க்கு, அவன் என்னைக்காவது மெதுவா வாசிச்சுக் கேட்டிருக்கியா?"

"கல்யாணத்தன்னிக்கு மெதுவா வாசிக்கிறேன்னு சொன்னான்" என்றாள் சிர்க்கு. "எங்கம்மா காதைப் பொத்திக்கிட்டா."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்து மேசையில் பாதிரியார் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

வெளியே சிகரெட் பிடிக்கும் இடத்தில் ரவுனோ வேறொரு யோசனையோடு காத்திருந்தான். கழுத்துப்பட்டை அவன் தொண்டையை நெரித்துக்கொண்டிருந்தது. போன வருடம் பதிவு செய்த பாட்டுகளில் இல்போவின் கித்தார் தனித்தடத்தில் இருக்கிறது, அதை மடிக்கணினியில் போட்டு இடது பக்கம் ஒலிக்க விடலாம், வலது பக்கம் மெர்வி வாசிக்கட்டும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மெர்வி.

"எல்லாரும் பண்றாங்க மெர்வி. இதுல ஒண்ணும் தப்பில்ல."

"அவன் என்னோட சேர்ந்துதான் வாசிப்பான். நான் தடுமாறினா நின்னு பிடிப்பான். உன் கம்ப்யூட்டர் பிடிக்குமா? செத்தவனை அதுல ஓட விட்டுட்டு அது பின்னாடி நான் ஓடணுமா? மாட்டேன்."

"அப்ப எடது பக்கம்?"

"காலியா இருக்கட்டும். போனது போனதாத் தெரியட்டும்."

*

அடுத்த திங்கட்கிழமை வேலை முடிந்து அவள் தனியாக நிலவறைக்குப் போனாள். போர் வந்தால் ஒளிவதற்காக ரவுனோ குடியிருக்கும் கட்டிடத்தின் அடியில் கட்டிய அறை அது. போர் வராத வருடங்களில் அங்கே பனிச்சறுக்குக் கட்டைகளும் கித்தார்களும் இருந்தன. விளக்கைப் போட்டாள். இல்போவின் கையுறை ஒன்று ஆம்ப் மேல் கிடந்தது. சூப் வாடை இன்னும் போகவில்லை.

தன் பெடலைப் பார்த்தாள். குமிழ் ஏழில் நின்றது.

வழக்கம்போல் குனிந்தாள். விரல் குமிழுக்கு அரை அங்குலம் மேலே நின்றுவிட்டது. இதைக் கடைசியாகத் தொட்டது அவன் விரல். தொடாமல் நிமிர்ந்து, கித்தாரை மாட்டி, முதல் பாட்டை வாசித்தாள்.

படுமோசமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தான் வாசிக்கிறோம் என்று நினைத்திருந்ததை இவ்வளவு வெளிச்சத்தில் அவள் கேட்டதே இல்லை. மூன்று மூன்றாக ஓட வேண்டிய அடியில் மூன்றாவது அடி நொண்டியது. நாலு வரிக்கொரு தரம் நொண்டியது. வலது பக்கம் அவள் நொண்டியபோதெல்லாம் இடது பக்கம் அவன் நேராக நின்றிருக்கிறான், அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்லாமலே போய்விட்டானே என்று வந்தது. விரல் வலிக்க வலிக்கச் சொல்லிக்கொண்டுதானே இருந்தான் என்று தோன்றியதும் இன்னும் அதிகமாக வந்தது.

"சரிடா" என்று காலியாக இருந்த பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஒளியல. போதுமா?"

ஐந்து வாரம், தினமும் மாலை நாலரை மணிக்கு. தாளமானியைப் பாதி வேகத்தில் வைத்து, பிறகு முக்கால், பிறகு முழுசு. மணிக்கட்டில் களிம்பு தடவிக் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மருத்துவர் என்ன ஆச்சு என்று கேட்டதற்குப் பனியில் வழுக்கிவிட்டது என்றாள். பெடலின் மேல் தூசி படிந்தது. அவள் துடைக்கவில்லை. குமிழைப் பற்றி யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் தோளைத் தட்டுவார்கள், தலையைச் சாய்த்துப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அது அவளுக்கு வேண்டாம்.

*

கச்சேரி சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. சிர்க்குவின் கார் கிளம்பவில்லை என்பதால் மெர்வி அவளை அழைத்துவரப் போனாள். சாமான்களை ரவுனோ வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். மெர்வி தொழிலாளர் மன்றத்துக்குள் நுழைந்தபோது மேடை தயாராக இருந்தது. வலது பக்கம் அவளுடைய ஆம்ப். வாசிக்க ஆளில்லாவிட்டாலும் வைக்கும்படி அவள் ரவுனோவிடம் சொல்லியிருந்தபடியே இடது பக்கம் இல்போவுடையதும் இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி இல்லை, மெழுகுவத்தி இல்லை. அந்த ஆம்ப் வெறுமனே நின்று, ஓயாமல் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

மன்றத்தில் ஒலி அளவுகளைப் பார்த்துக்கொள்ளும் யோன்னா கேட்டாள். "அக்கா, அதை அணைச்சிடவா? சும்மா இரையுது."

"அவன் சும்மா இருந்தா இப்படித்தான் இருப்பான். விடு."

கித்தாரை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பெடல் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. குமிழ் ஒன்பதில் நின்றது.

சட்டென்று நிமிர்ந்தாள்.

"யாரு இதைத் தொட்டது?"

டிரம்முக்குப் பின்னாலிருந்து ரவுனோ எட்டிப் பார்த்தான். முகத்தில் நல்ல காரியம் செய்தவனின் வெட்கம். "நான்தான். எவனோ பையில வைக்கறப்ப திருகிட்டான் போல, ஏழுல கெடந்துச்சு. உன் எடம் எனக்குத் தெரியாதா? ஒன்பதுல வெச்சுட்டேன்."

மெர்வி அவனையே பார்த்தாள். அவன் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அவள் முகத்தைப் பார்த்தான், பெடலைப் பார்த்தான், இடது பக்கத்து ஆம்பைப் பார்த்தான். ஒத்திகை முடிந்த அந்த வியாழக்கிழமை சுவிட்ச் மேல் கை வைத்து நின்றவன் அவன்.

"ஐயோ" என்றான். கையிலிருந்த குச்சி தரையில் உருண்டது. "மெர்வி... அது அவன் வெச்சதா? சத்தியமாத் தெரியாதும்மா எனக்கு."

"இருபத்திரண்டு வருஷம் அவன் திருகுறதையும் நான் திருகுறதையும் பாத்துட்டு மரம் மாதிரி உக்காந்திருந்தல்ல? இன்னைக்குத்தான் உனக்கு வேலை செய்யணும்னு தோணிச்சா, எருமை?"

"என்னை அடிச்சிடு."

"அடிக்கத்தான் போறேன். கச்சேரி முடியட்டும்."

கதவைத் திறந்துவிட்டார்கள். பனிக்கால பூட்ஸ்கள் மரத்தரையில் தொம் தொம்மென்று ஏறின. இல்போ ஓட்டிய பஸ்ஸில் போனவர்கள், அவனோடு வேலை பார்த்தவர்கள், கறுப்புச் சட்டையில் பாதி ஊர். முன்வரிசையில் சிர்க்கு கோட்டைக் கழற்றாமல் நின்றாள். காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

யோன்னா மேடை ஓரமாக வந்து தணிந்த குரலில் சொன்னாள். "ஒத்தைக் கித்தார் வெறிச்சுன்னு கேக்கும் அக்கா. ஒன்பது நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஏத்தினாக்கூட நெறைவா இருக்கும்."

"வெறிச்சுன்னே இருக்கட்டும்."

மெர்வி முழங்காலை மடக்கிக் குனிந்தாள். இந்தக் குமிழை இடது பக்கமாக அவள் ஒருநாளும் திருகியதில்லை, எப்போதும் வலது பக்கம்தான். ஒற்றை விரலை வைத்துத் தள்ளினாள். அது லேசாக, எந்த மறுப்பும் இல்லாமல் சுற்றிவந்து, கோடியில் முட்டியது. விரல் நுனியில் அந்த முட்டலை உணர்ந்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள்.

எழுந்து ரவுனோவைப் பார்த்துத் தலையசைத்தாள். குச்சிகள் நாலு தரம் மோதின.

ஒற்றைக் கித்தார் கூடத்தில் வெட்டவெளியாக எழுந்தது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. இரண்டாவது வரியில் மூன்றாவது அடி ஒரு மயிரிழை நொண்டியது. அது அவளுக்குக் கேட்டது, ரவுனோவுக்குக் கேட்டது, பின்சுவரில் சாய்ந்து நின்ற கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும். அவள் தலையைக் குனியவில்லை. அடுத்த வரிக்குப் போனாள், அது நேராக விழுந்தது, அதற்கடுத்ததும். அடிகளுக்கு நடுவே மௌனம் விழுந்த இடங்களிலெல்லாம் இடது பக்கத்து ஆம்பின் இரைச்சல் வந்து நின்றுவிட்டுப் போயிற்று.

காலடியில் பெடலின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குமிழ் ஏழு மணியில் நின்றது. யார் திருகினாலும் அதற்குக் கீழே அது போகாது.