சாவு நடையில் ஒரு சுற்று

சிரிலின் இடது நுரையீரலில் பாதி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வெட்டி எடுத்துவிட்டார்கள். அதோடு டிரம்பெட்டும் போயிற்று. இப்போது அதே பேண்டில் சிம்பல் தட்டுகிறார். “ஊதினவன் கடைசில ஜால்ரா போட வந்துட்டான்” என்று பேண்ட் மாஸ்டர் ஹெர்பர்ட் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

பெங்களூர் அல்சூரில் கல்யாணமோ சாவோ, ஹெர்பர்ட்டின் பேண்டைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் இப்போது குறைந்துவிட்டது. டிஜே வந்துவிட்டான். சாவுக்கு இன்னும் வரவில்லை.

இன்று இரண்டும் இல்லை. நுரையீரல் புற்றுநோய் விழிப்புணர்வு நடை. அல்சூர் ஏரியை ஒரு சுற்று. வழியில் சேரும் பணம், மருந்துக்கு வழியில்லாதவர்களுக்கு. சிரிலின் கடைசி ஊசிகளும் இப்படி ஒரு நடையில் சேர்ந்த பணத்தில்தான் வந்தன. கொடுத்தவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. முகம் தெரியாதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வேனில் ஏறாமல் முழுச் சுற்றும் நடப்பது ஒன்றுதான் அவருக்குத் தோன்றியது.

வேன் பின்னால் ஊர்ந்து வந்தது, முடியாதவர்களுக்காக.

“அங்கிள், ஜாலியா, ஃபாஸ்ட்டா வாசிக்கணும். சோகமே வேண்டாம்” என்று நடையை ஏற்பாடு செய்த வித்யாலட்சுமி சொல்லியிருந்தாள். பேண்ட் குத்துப்பாட்டில் ஆரம்பித்தது. ஆபீஸ் பிள்ளைகள் ஆடிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். பிழைத்து வந்தவர்கள் பின்தங்கினார்கள்.

இரண்டாவது வளைவில் சிரிலுக்கு மூச்சு முட்டியது. தையல் போட்ட இடம் இழுத்தது. பக்கத்தில் வந்த தமயந்தி டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். அவளுக்கும் அதே நோய்தான்.

“எல்லாரும் மொதல்ல கேக்கறது, வீட்ல யாரு சிகரெட்னுதான் சார். யாரும் இல்லன்னா நம்ப மாட்டேங்கறாங்க” என்றாள், மூச்சுக்கு நடுவே. “இப்ப நடக்க முடியலன்னாலும் நம்ப மாட்டாங்க.”

“ஏறிக்குங்க சார்” என்றார் வேன் டிரைவர். ஏற்கெனவே இருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

சிரில் ஏறவில்லை. ஹெர்பர்ட்டின் தோளைத் தொட்டார்.

“டேய், நடைய மாத்து.”

“எந்த நடைக்கு?”

“சாவு நடைக்கு.”

ஹெர்பர்ட் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். “புத்தி கெட்டுப்போச்சா? பொழைச்சு வந்தவங்க முன்னாடி அதையா?”

“அந்த நடையில யாருக்காச்சும் மூச்சு வாங்கிப் பாத்திருக்கியா? எண்பது வயசுக் கெழவிகூட பெட்டி பின்னாடியே கல்லறை வரைக்கும் வந்துடுவா.”

ஹெர்பர்ட் வித்யாலட்சுமியைப் பார்த்தார். அவள் விழித்தாள்.

“போடுங்க சார்” என்றாள் தமயந்தி. “அபசகுனமெல்லாம் ஸ்கேன்லயே பாத்தாச்சு.”

பெரிய டிரம்மில் ஒரு அடி விழுந்தது. ஒரு எட்டு. ஒரு நிதானம். அடுத்த அடி. சிரில் சிம்பலைச் சேர்த்தார். கால்கள் தாமாகவே கட்டுப்பட்டன. நெஞ்சின் இளைப்பு மெல்ல இறங்கியது. வேனிலிருந்த இருவரும் இறங்கி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தத் தாளம் அந்தத் தெருக்களுக்குப் பழக்கம். கறிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இழுத்தார். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். டீக்கடை வாசலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“யாரு சார் ஹோக்பிட்ரு?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

யாரும் போகவில்லை, நாங்களேதான் நடந்து போகிறோம் என்று தமயந்தி கன்னடத்தில் சொன்னாள். அவர் பேனரைப் படித்தார். அவளை ஒருமுறை பார்த்தார். கல்லாவைத் திறந்தார். குத்துப்பாட்டுக்குத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்போது வாசலுக்கு வந்தார்கள். உண்டியலைத் தூக்கி வந்த வித்யாலட்சுமி கனம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டாள்.

கடைசி வளைவில் ஹெர்பர்ட் பாட்டை மாற்றினார். சிரிலுக்குத் தெரியாத பாட்டு.

“இது என்னடா?”

ஹெர்பர்ட் அந்த வரியை முடித்துவிட்டுத்தான் சொன்னார். “உன்னோடதுதான். நீ ஐசியூல கெடந்தப்ப எடுத்து வச்சோம்.”

பேண்டில் ஒருவர் இறந்தால், வேறு யாருக்கும் வாசித்திராத ஒரு பாட்டை அவருக்கென்று எடுப்பது வழக்கம். இறந்தவர்கள் யாரும் தங்கள் பாட்டைக் கேட்டதில்லை.

சிரில் கொஞ்ச தூரம் தட்டிக்கொண்டே வந்தார். கண் மங்கியது. துடைக்கக் கை காலியாக இல்லை.

“நல்லாருக்கா?”

“ரெண்டாவது வரி ஓடுது. இன்னும் இழு.”

“சாவு வீட்டுக்காரன் யாரும் இப்படிக் குத்தம் சொன்னதில்ல.”

புறப்பட்ட இடம் வந்துவிட்டது. ஆபீஸ் பிள்ளைகள் கைதட்டினார்கள். சிரில் கடைசியாக ஒருமுறை சிம்பலை அடித்து இரண்டையும் விரித்துப் பிடித்தார். சத்தம் தண்ணீர்மேல் போய் அடங்கியது. முழுச் சுற்று. மூச்சும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“பாட்டு இன்னும் முடியலடா” என்றார் ஹெர்பர்ட். “ரெண்டு வரி இருக்கு.”

“இருக்கட்டும்” என்றார் சிரில். “அதுக்கு இப்ப என்ன அவசரம்.”