என்ஜின் இல்லாமல் பிடித்த மீன்

காலை ஒன்பதரை ஆகியும் என் புருஷன் விஜயகுமார் கரை திரும்பவில்லை. எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். நான் வாசலில் உட்கார்ந்து பனையோலைப் பெட்டிகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். போட்ட முடிச்சு எதுவும் நிற்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து சத்யப்ரியா என்கிற பெண் தன் ஆபீஸ்காரர்கள் இருபது பேரோடு பிக்னிக் வருகிறாள். மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி இருக்கிற தோப்பில் சாப்பாடு, என் ஏற்பாடு. போனில் அவள் கேட்டது ஒன்றுதான். "சாப்பாடும் சாமானும் யாரையும் கஷ்டப்படுத்தாம வந்ததா இருக்கணும்க்கா. யாரு செஞ்சாங்க, எப்படி செஞ்சாங்கன்னு ஒரு அட்டையில எழுதி வெச்சா போதும்."

எனக்கு அது போதவில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள் நான். பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் மருந்தடிக்காத வேர்க்கடலை வாங்கினேன். விரிப்பதற்குக் கைத்தறித் துணி வாங்கினேன். பிளாஸ்டிக்கே கூடாது என்று தண்ணீருக்கு மண் குடங்கள் வாங்கினேன். மீன் குழம்புக்கு அட்டை எழுத உட்கார்ந்தபோது கை தானாக ஓடியது. "என்ஜின் இல்லாமல், கட்டுமரத்தில் துடுப்புப் போட்டுப் போய், தூண்டிலில் பிடித்த மீன்." படிக்க அழகாக இருந்தது. அதையே இருபது அட்டையிலும் எழுதிவிட்டேன்.

என் புருஷனிடம் காட்டினேன். எங்களுக்கு ஃபைபர் போட்டும் இருக்கிறது, அதற்கு என்ஜினும் இருக்கிறது. அவர் அட்டையை இரண்டு முறை படித்தார்.

"இன்னா பூங்குழலி, என்ஜின் இல்லாமலா? யாரு கேட்டது?"

"அந்த மெட்ராஸ் பொண்ணுதான் கேக்குது" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"சரி, கேட்டுட்டாங்க. எங்கப்பா கட்டுமரம் சும்மாதானே கெடக்குது, அதுல போயிட்டு வர்றேன். பொய் எழுதி ஒட்டக் கூடாது."

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. இன்று சனிக்கிழமை எங்கள் குப்பத்தில் எல்லையம்மன் தேர். தேர் நாளில் ஒருவரும் கடலில் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் போட்டைக் கரையில் ஏற்றிப் போட்டுவிடுவார்கள். எத்தனை மாதம் என்பது பஞ்சாயத்தார் இஷ்டம். மீன் குழம்போ முதல் நாள் வைத்தால்தான் ருசி. கட்டுமரத்துக்குச் சத்தம் கிடையாது, ஊர் எழுவதற்குள் போய்த் தேர் கிளம்புவதற்குள் வந்துவிடலாம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்தோம்.

கிளம்பும்போது அவர் வழக்கமான தண்ணீர் கேனை எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டு ஒரு சின்ன மண் கலயத்தைக் கொடுத்தேன். "நீங்க கரையேறும்போது ஃபோட்டோ எடுக்கணும். கேன் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்."

"ஒடஞ்சா கடல் தண்ணியா குடிக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இப்போது வாசலில் அந்தச் சிரிப்புதான் நினைவில் நின்றது.

"காத்து எப்படி வீசுது பாத்தியா?" என்றார் வசந்தாக்கா. உப்பளத்தில் வேலை செய்கிறவர். பிக்னிக்குக்கு உப்பு கொண்டுவந்து பெட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தார். "மேக்கத்திக் காத்து. இன்னிக்குப் பாத்தியில உப்பு கல்லு கல்லா வெளையும்."

நிலத்திலிருந்து கடலுக்குள் தள்ளுகிற அந்தக் காற்றை நாங்கள் கச்சான் என்போம். உப்புக்கு அது நல்ல காற்று. துடுப்பை நம்பிக் கரைக்கு வருகிறவனுக்கு எமன். மதியம் கடல்காற்று திரும்பினால் மரம் தானாகக் கரைக்கு வந்துவிடும். ஆனால் கச்சான் இப்படி வீசுகிற நாளில் கடல்காற்று சாயங்காலம் வரை எட்டிக்கூடப் பார்க்காது. மீன்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? தெரியும். அட்டை எழுதும்போது மறந்துவிட்டது.

எழுந்து கரைக்கு ஓடினேன். கரையோரம் கடல் குளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது. தூரத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. மரமும் இல்லை, ஆளும் இல்லை. அவருடைய செல்போன் வீட்டு அலமாரியில் இருந்தது. எனக்குப் பின்னால் குப்பத்தில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

போய்ச் சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. சொன்னால் போட்டு போய்விடும், நாலு பேர் முன்னால் அவர் தலைகுனிய வேண்டும். இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்று நின்றேன். அது முடிந்ததும் இன்னொரு பத்து நிமிஷம். அப்படியே ஒரு மணி நேரம் நின்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றேன். வெயில் ஏற ஏற அந்தக் கலயத்தில் எத்தனை வாய் தண்ணீர் பிடிக்கும் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

வசந்தாக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "ஏம்மா, பேய் அறைஞ்சாப்ல நிக்கிறியே. உன் வூட்டுக்காரரு எங்க?"

சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. உப்பில் வெடித்துக் காய்த்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "போட்டு போனா வாங்கிக்கலாம். வா!"

தேர் தெருமுனைக்கு வந்திருந்தது. வடத்தின் முன்னால் ஊர்த் தலைவர் கண்ணாயிரம் மாமா தலைப்பாகையோடு நின்றார். நான் குறுக்கே போய் விழுந்தேன்.

"மாமா, அவரு கடல்ல இருக்காரு. கட்டுமரத்துல. என்ஜின் இல்ல."

மேளம் நின்றது. "அடிப்பாவி, தேர் நாள்லயா!" என்று யாரோ ஒரு பெண் கத்தினாள்.

"எத்தினி மணிக்குப் போனான்?" என்று கேட்டார் மாமா.

"நாலு மணிக்கு."

அவர் தேர் உச்சியில் இருந்த கொடியைப் பார்த்தார். அது கிழக்கே பார்த்துப் படபடத்தது. வடம் பிடித்திருந்த ஆண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"தண்ணி?"

"ஒரு கலயம்... சின்னது."

அவர் முகம் மாறியது. தலைப்பாகையை அவிழ்த்துத் தேர்க்காலில் வைத்தார். "தேரு இங்கயே நிக்கட்டும். டேய், நாலு போட்டு தள்ளுங்கடா. அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

நான்கு என்ஜின் சத்தமும் கடலுக்குள் போய்க் கரைந்தது. நான் மணலில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. காற்று மாறவில்லை. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன், விட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். திடீரென்று என் போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. சத்யப்ரியா.

"அக்கா, நாளைக்கு எல்லாரையும் தொப்பி எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா? அங்க வெயில் ரொம்ப இருக்குமா?"

"இருக்கும்மா" என்றேன். வசந்தாக்கா போனை வாங்கி அணைத்தார்.

இரண்டு மணிக்கு முதல் போட்டு தெரிந்தது. பின்னால் கட்டுமரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மரத்தில் ஆள் இல்லை. பிறகுதான் போட்டுக்குள் ஒருவர் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. தலை அசைந்தது.

இறக்கி நிழலில் உட்கார வைத்தார்கள். முதுகு கொப்பளித்திருந்தது. உதடுகள் வெள்ளையாக வெடித்திருந்தன. கலயம் முதல் மீன் துள்ளியதிலேயே உடைந்துவிட்டதாம். யாரோ கொண்டுவந்த பிளாஸ்டிக் கேனைத் தூக்கி மடமடவென்று குடித்தார். பிறகு என்னைத் தேடிப் பார்த்துச் சாக்குப் பையைக் காட்டினார். அதில் இரண்டு சீலா மீன்கள் விறைத்துக் கிடந்தன.

"மீன் கெடச்சிது பூங்குழலி. ஆனா என்ஜின் போட்டுல வந்துடுச்சே. அட்டைய மாத்தி எழுதிடு."

மெட்ராஸ் பெண் கேட்டதாக நான் சொன்னதை அவர் போட்டில் வரும்போதே சொல்லியிருந்தார் போல. கண்ணாயிரம் மாமாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "வரட்டும் நாளைக்கு அந்த மெட்ராஸ்காரி! ஒரு கொழம்புக்காக ஆளை சாவ அனுப்புவாளா?"

"அவங்க மேல இன்னா தப்பு மாமா? கடலைப் பத்தித் தெரியாம கேட்டுட்டாங்க" என்றார் என் புருஷன்.

கூட்டம் முழுக்க அவளைத் திட்டியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்விடும். காலையில் கரையில் நின்ற அந்த ஒரு மணி நேரத்தைவிட இப்போது அதிகமாகப் பயந்தேன்.

"அது கேக்கல" என்றேன். "என்ஜின் வேணாம்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்ல. கேன் வேணாம்னும் சொல்லல. நானா எழுதினது. உங்க கிட்ட பொய் சொன்னேன்."

என் புருஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"காலைலேர்ந்து நீ ஒரு வாய் தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக் கேனை நீட்டினார்.

வாங்கப் போனேன். என் கையிலிருந்து கேன் நழுவியது. அவர் பிடிக்கப் பார்த்தார், அவராலும் முடியவில்லை. அப்போதுதான் அவர் உள்ளங்கைகளைப் பார்த்தேன். துடுப்புப் போட்டுப் போட்டு இரண்டிலும் தோலே இல்லை.